பட்டியலில் இல்லாத பதினொரு பேர்

நான் கால்பந்து ஆடியவள் என்று சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள். "லேடீஸா? அந்தக் காலத்திலா?" என்று கேட்கிறார்கள். ஆமாம், அந்தக் காலத்தில்தான். எழுபதுகளின் பிற்பகுதியில் எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரிக்காக ஐந்து வருஷம் ஸ்டாப்பர் ஆடினேன். கோலுக்கு முன்னால் நின்று, வருகிற ஆளையும் பந்தையும் தடுக்கிற வேலை. கடைசி இரண்டு வருஷம் நான்தான் கேப்டன். அந்தக் கல்லூரியின் விளையாட்டுப் பட்டியல்களில் எங்கள் பதினொரு பேரில் ஒருத்தியின் பெயர்கூடக் கிடையாது. வயதானால் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. எதற்காக ஆற வேண்டும் என்றும் தெரியவில்லை.

மட்டாஞ்சேரியில் துப்புரவுத் தொழிலாளர்களுக்காக கார்ப்பரேஷன் கட்டிக்கொடுத்த குடியிருப்பில் பிறந்தவள் நான். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா பஜாரில் தெருப் பெருக்குவார். மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக ஏறி இறங்குகிற தெரு அது. சாயங்காலம் அவர் சட்டையைத் துவைத்தால் வாளித் தண்ணீரில் சுக்கு வாசனை வரும். அம்மா தோப்பும்படியில் ஒரு கம்பெனியில் இறால் உரிக்கப் போவாள். வீட்டில் தமிழ், வெளியே எல்லாம் மலையாளம். தமிழ் எழுத்தை நான் முப்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்தக் கல்லூரியில் என்னிடம் பேசியவர்கள் எல்லாரும் மலையாளத்தில் பேசினார்கள், நானும் மலையாளத்தில் பதில் சொன்னேன். பதில் சொல்ல முடியாமல் விழுங்கியது மட்டும் தமிழிலேயே உள்ளே கிடக்கிறது.

எனக்கு இரண்டு அண்ணன்மார். குடியிருப்புக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கின் நீளமான சுவர் உண்டு. அதை ஒட்டிய மண்ணில் பையன்கள் பந்தாடுவார்கள். ஆள் குறைந்த ஒரு நாளில் என்னைக் கோலில் நிறுத்தினார்கள். நான் கோலில் நிற்காமல் முன்னால் ஓடிப்போய், பந்து கொண்டுவந்தவனின் காலிலிருந்து அதைப் பறித்து மறுபக்கம் அடித்தேன். அண்ணன் திட்டினான். அடுத்த நாளும் அப்படியே செய்தேன். அதற்குப் பிறகு திட்டுவதை விட்டுவிட்டு என்னைப் பின்வரிசையில் நிறுத்தினான்.

பத்தாம் வகுப்பில் பள்ளி விளையாட்டுப் போட்டியில் குண்டெறிந்துகொண்டிருந்தேன். பக்கத்து மைதானத்திலிருந்து ஒரு பந்து எங்கள் பக்கம் வந்து விழுந்தது. யோசிக்காமல் எட்டி அடித்தேன். அது மதிலைத் தாண்டி, அந்த மைதானத்தின் நடுவட்டத்துக்கே போய் விழுந்திருக்கிறது. போட்டிக்கு நடுவராக வந்திருந்தவர் எர்ணாகுளம் கல்லூரி ஒன்றின் உடற்பயிற்சி ஆசிரியர். கல்லூரியில் எல்லாரும் அவரை கேம்ஸ் சார் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். அவர் என் அருகில் வந்து, "நீ பந்து களிக்குமோ?" என்று கேட்டார். களிப்பேன் என்றேன். ஆட்டத்தை இங்கே களி என்பார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்புக்கே வந்துவிட்டார். அந்த வருஷம்தான் கல்லூரிப் பெண்களுக்குக் கால்பந்துப் போட்டி நடத்த ஒரு சங்கம் ஆரம்பித்திருந்தார்கள். வேறு கல்லூரிகள் முந்துவதற்குள் நம் கல்லூரி முதலில் டீம் இறக்க வேண்டும் என்று பிரின்சிபால் சொல்லியிருந்தாராம். அப்பா ஒரு நாற்காலியைப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிவந்து போட்டார்.

"உங்க மகளுக்கு நல்ல காலுண்டு" என்றார் கேம்ஸ் சார்.

 அப்பா என் காலைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "படிப்புக்கு முடக்கம் ஒண்ணும் வராதே, சாரே?"

"முடக்கமா? சீட்டு உண்டு. ஃபீஸ் வேண்டா. போராததுக்கு கிரேஸ் மார்க் உண்டு. களிக்கப் போயி பரீட்சையில நாலஞ்சு மார்க் குறைஞ்சா யூனிவர்சிட்டி கூட்டித் தரும். ஆண்குட்டிகளுக்குத் தர்றதல்லே? அதே தன்னே இவளுக்கும்."

"எழுத்துல உண்டா?"

"நான் சொன்னா எழுத்துதான்."

அப்பா "எங்கன ஒப்பிடணும்?" என்று கேட்டார். கையெழுத்தை அப்பா மலையாளத்துக்காரர்களைப்போல ஒப்பு என்றுதான் சொல்வார். அவருக்குத் தெரிந்த ஏழெட்டு எழுத்துகளை வைத்து, நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு, சேர்க்கைப் படிவத்தில் மெதுவாக ஒப்பிட்டார்.

காலை ஏழரை மணிக்கு மட்டாஞ்சேரித் துறையில் படகு ஏறினால் எட்டேகாலுக்குள் எர்ணாகுளம் போய்விடலாம். மைதானம் காலையிலும் சாயங்காலத்திலும் ஆண்கள் டீமுக்கு. எங்களுக்கு மதியம் சாப்பாட்டு மணி. தலைக்குமேல் வெயில் நிற்கிறபோது ஒரு மணி நேரம். சாப்பிட்டுவிட்டு ஓடினால் வாந்தி வரும், சாப்பிடாமல் ஓடினால் மயக்கம் வரும். எங்கள் பூட்ஸ் எல்லாம் ஆண்கள் போட்டுக் கழித்தவை. பெருவிரலுக்கு முன்னால் துணியைச் சுருட்டி வைத்துக் கட்டிக்கொள்வோம். ஜெர்சியும் அவர்களுடையதுதான். முந்தின வருஷத்து வேர்வைக் கறையோடு வந்தது. முதல் தடவை அதை வெந்நீரில் போட்டு அலசியபோது அம்மா, "இதை உடுத்திட்டா கப்பு வாங்கப் போற?" என்று கேட்டாள்.

டீமில் எனக்கு மிகவும் நெருக்கமானவள் வலதுபக்க விங்கர். தோப்பும்படிக்காரி. அவள் அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விளிக்கிறவர். மகளுக்கும் அதே தொண்டை. மைதானத்தின் அந்த மூலையிலிருந்து அவள் "இங்கோட்டு தா!" என்று கத்தினால் ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். என்னை முதல் நாளே "பாண்டி" என்று கூப்பிட்டாள். தமிழர்களை இங்கே இளக்காரமாகச் சொல்கிற சொல். நான் அவள் முழங்காலுக்குக் கீழே ஒரு உதை விட்டேன். அன்றைக்கு அந்தச் சொல்லை விட்டவள் பிறகு எடுக்கவே இல்லை. கல்லூரியில் மற்றவர்கள் அப்படி விடவில்லை. எல்லாரையும் உதைக்கவும் முடியவில்லை.

ஆலுவாவில் நடந்ததை மறக்க மாட்டேன். ஆண்கள் டீமுக்கு அங்கே ஒரு பெரிய மேட்ச். எங்களையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்களுக்கும் ஒரு மேட்ச் இருக்கிறது என்று மட்டும்தான் கேம்ஸ் சார் சொல்லியிருந்தார். ஆண்கள் ஆட்டத்தின் இடைவேளையில் ஒலிபெருக்கியில் ஒருவர் அறிவித்தார்: "இனி ஒரு தமாஷ்! பெண்களின் பந்துகளி!" கூட்டம் ஊளையிட்டது. வேலி ஓரத்தில் நின்றவர்கள் எங்கள் தொடையைப் பற்றி என்னென்ன சொன்னார்களோ அதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். நாங்கள் ஒழுங்காகத்தான் ஆடினோம். எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. விங்கர் பந்தை மூலையில் வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்து நடுவர் விசிலை ஊதி, "மதி, மதி, எறங்கிக்கோ" என்றார்; போதும், வெளியே போங்கள் என்று. ஆண்கள் இரண்டாம் பாதிக்கு இறங்க வேண்டுமாம். விங்கர் வெளியே போகவில்லை. ஆண்கள் டீம் முழுக்க மைதானத்துக்குள் வந்த பிறகும் அந்தக் கார்னரை அடித்தாள். நான் ஓடிப்போய்த் தலையால் முட்டினேன். காவலுக்கு ஆளே இல்லாத கோலுக்குள் பந்து போயிற்று. கூட்டம் சிரித்தது. கேம்ஸ் சாரும் சிரித்தார்.

திருச்சூரில் நடந்தது அப்படிப்பட்ட தமாஷ் இல்லை. அது அந்தச் சங்கம் நடத்திய முறையான போட்டி. நான்கு நாள், ஆறு கல்லூரிகள். இறுதி ஆட்டத்தன்று மழை பிடித்துக்கொண்டது. கோலுக்கு முன்னால் முழுக்கச் சேறு. பந்து உருளாமல் நின்று நின்று போயிற்று. அந்த மாதிரித் தரையில் பந்தை வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது, வந்த வேகத்தில் வெளியே தள்ளிவிட வேண்டும். முதல் பாதி முழுக்க நான் அதைத்தான் செய்தேன். இரண்டாம் பாதியில் எதிர் டீமின் சென்டர் பார்வர்டு என் முழங்காலுக்குக் கீழே பூட்ஸால் இறக்கிவிட்டாள். எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. கேம்ஸ் சார் ஒரு கைக்குட்டையால் இறுக்கிக் கட்டி, "பத்து நிமிஷம்தான் மோளே, நீ வெளிய வந்தா தீர்ந்தது" என்றார். நான் வெளியே வரவில்லை. அந்தப் பத்து நிமிஷத்துக்குள் விங்கர் ஒரு பந்தை எடுத்துக்கொண்டு கோட்டோரமாகவே ஓடி, இரண்டு பேரைக் கடந்து, சேற்றில் விழுந்துகொண்டே அடித்தாள். ஒன்றுக்குப் பூஜ்யம். கடைசி நிமிஷத்தில் எங்கள் கோல்கீப்பரைத் தாண்டி வந்த ஒரு பந்தை நான் கோட்டின் மேலிருந்து வெளியே அடித்தேன். எனக்கு வலியே தெரியவில்லை. அன்றைக்கு நாங்கள் பதினொரு பேரும் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதோம்.

கோப்பை பெரியது, இரண்டு கைப்பிடி வைத்தது. சுழற்கோப்பை; ஒரு வருஷம் வைத்திருந்துவிட்டு அடுத்த போட்டிக்கு முன் சங்கத்திடம் திருப்பித்தர வேண்டும். பிரின்சிபால் அதைத் தன் அறைக் கண்ணாடி அலமாரியில் வைத்தார். செய்தித்தாளுக்குப் படம் எடுத்தபோது கோப்பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நாங்கள் கீழே தரையில் சம்மணம் போட்டோம்.

ப்ரீடிகிரி இரண்டு வருஷம் முடித்து, அது என் பி.ஏ. மூன்றாவது, கடைசி வருஷம். பயிற்சியும் போட்டியுமாக நான் தவறவிட்ட வகுப்புகளில் பாதி ஆங்கில வகுப்புகள். எழுதிப் பார்க்கவோ கேட்டுப் படிக்கவோ வீட்டில் ஆள் கிடையாது. முடிவு வந்தபோது எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தேன், ஆங்கிலத்தில் மட்டும் மூன்று மார்க் குறைவு. எனக்குப் பெரிய கலக்கம் ஒன்றும் இல்லை. கிரேஸ் மார்க் இருக்கிறதே என்று படகில் வரும்போதே அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து, ஆண்கள் டீமின் ரிசர்வ் கோல்கீப்பர் என்னைத் தேடி வந்தான். மூன்று வருஷமும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். நல்லவன். இடைவேளையில் எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுப்பான்.

"எனக்கு ஏழு மார்க் குறைவாயிருந்தது. கூட்டித் தந்து பாஸாக்கிட்டாங்க" என்றான். சொல்லும்போது சந்தோஷமாக இல்லை. "ஆபீஸ்ல லிஸ்ட் பார்த்தேன். உங்க ஆரோட பேரும் அதுல இல்லா. நீ போய்க் கேளு."

அலுவலகத்தில் கிளார்க் ஒரு கோப்பைத் திறந்து எனக்கு நேரே திருப்பிவைத்தார். கால்பந்து என்று தலைப்பு. பதினாறு ஆண் பெயர்கள். ரிசர்வ் கோல்கீப்பர் பதினைந்தாவது. அடுத்த பக்கத்தில் ஹாக்கி. நான் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"எங்க பேரு?"

"அனுப்பின பேருதான் இதுல இருக்கு. அனுப்பாதது எப்படி இருக்கும்?"

கேம்ஸ் சார் விளையாட்டுச் சாமான் அறையில் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பம்பைக் கீழே வைக்காமலேயே பேசினார். ஐந்து வருஷமாக எங்கள் டீமைப் பல்கலைக்கழகத்தில் பதிவே செய்யவில்லையாம். பதிவு செய்தால் மைதானத்து நேரம், புது பூட்ஸ், துணைக்கு ஒரு ஆசிரியை என்று எல்லாம் கொடுத்தாக வேண்டும். அதனால் எங்களைக் கல்லூரிக் கணக்கில் காட்சி விளையாட்டு என்று எழுதியிருந்தார்களாம்.

"சாரே, நீங்க எங்க அப்பாகிட்ட வந்து சொன்னீங்க."

"நான் சொன்னது சரிதன்னே. எழுதி அனுப்பினேன். பிரின்சிபால் ஒப்பிடலே. நான் எந்து செய்யும்?"

"அஞ்சு வருஷமா எங்ககிட்ட ஏன் சொல்லலே?"

 அவர் மறுபடியும் காற்றடிக்க ஆரம்பித்தார். அந்த பம்பின் இழுப்புச் சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

பிரின்சிபாலைப் பார்க்க இரண்டு நாள் வராந்தாவில் நிற்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் உள்ளே விட்டார்கள். அவருக்குப் பின்னால் அலமாரியில் எங்கள் கோப்பை இருந்தது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "பெண்குட்டிகள் பந்தை உதைப்பது ஒரு கௌதுகம். பார்க்க ரசமாயிருக்கும். அதுக்காக அதை விளையாட்டுன்னு எழுத முடியுமா? நீ இங்கிலீஷ் படிக்கலே. அது எங்க குத்தமா?"

"மூணு மார்க் சார்."

"அதுக்கு ஏன் இவ்வளவு வருத்தம்? உங்க ஆளுகளுக்கு எப்படியும் கார்ப்பரேஷனிலே பணி கிடைக்குமல்லோ."

மிகவும் அன்பாக, எனக்கு ஆறுதல் சொல்வதைப்போல அதைச் சொன்னார். வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து வருஷம் அந்த மைதானத்தில் நான் ஓடும்போது இவர்கள் எல்லாரும் என்ன நினைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. மற்ற எல்லாவற்றையும் வீட்டில் சொன்னேன். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அப்பாவிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அடுத்த வாரம் கல்லூரி தின விழா. பந்தலில் ஒரு நீள மேசை போட்டு, சிவப்புத் துணி விரித்து, அந்த வருஷம் வாங்கிய கோப்பைகளை எல்லாம் அடுக்கியிருந்தார்கள். எங்களுடையதுதான் பெரியது, நடுவில் வைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினருக்குப் பூக்கொடுக்க எங்கள் டீம் ஜெர்சியோடு வர வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். வந்தோம். விங்கருக்கும் ஆங்கிலத்தில் மார்க் குறைந்திருந்தது. இன்னும் இரண்டு பேருக்கும் அதே கதை. மேடைக்குப் பக்கத்தில் நிற்கும்போது அவள் என் காதில், "பூ நீ குடுக்கப் போறியா?" என்று கேட்டாள். "இல்ல" என்றேன். வேறு எதையும் நாங்கள் பேசிவைக்கவில்லை.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறினேன். பூவை விருந்தினரின் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு, கோப்பையை இரண்டு கைப்பிடியிலும் பிடித்துத் தூக்கினேன். மைக் பக்கத்தில்தான் இருந்தது. "இது விளையாட்டு இல்லையாம். காட்சியாம். அப்ப இந்தக் கப்பு கல்லூரிக்கு எதுக்கு?" என்று மலையாளத்தில் கேட்டுவிட்டு இறங்கி நடந்தேன்.  பின்னால் விங்கர் வந்தாள், அவளுக்குப் பின்னால் மற்றவர்கள்.  கேட்டைத் தாண்டும்போதுதான் யாரோ கைதட்டினார்கள். காவல்காரர் எங்களைத் தடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

மாலை நான்கு மணிப் படகு. கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே காய்கறிக் கூடையோடு இருந்த ஒரு அம்மா, "எந்தா மோளே, ஜெயிச்சோ?" என்று கேட்டாள். விங்கர் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "ஜெயிச்சு, சேச்சி! ஜெயிச்சு!" என்று கத்தினாள். அந்த நாற்பது நிமிஷம் எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் மதியம் அப்பா வேலை பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டார். காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கல்லூரியிலிருந்து யாரோ அவருடைய ஓவர்சியருக்கு போன் செய்திருந்தார்கள். மகள் திருடிக்கொண்டு போன பொருளைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் போலீஸ் வரும், அப்பாவின் வேலையும் போகும் என்று. எனக்கும் அவர்களுக்கும் உள்ள வழக்கில் என் அப்பாவின் கையிலிருக்கிற துடைப்பத்தைப் பிடித்து இழுத்தார்கள். இதற்காக நான் அவர்களை மன்னிக்கவே இல்லை.

அப்பா சமையல் மேடையில் இருந்த கோப்பையைப் பார்த்தார். "களவாண்டியா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. ஜெயிச்சேன்."

"யாரு கையில குடுத்தாங்க?"

"எங் கையிலதான். நான்தான கேப்டன்."

"அப்ப களவாண்டது யாரு?" என்றார் அப்பா. அம்மா பயந்துபோய், "கொண்டுபோய்க் குடுத்துருங்க, நமக்கு எதுக்கு வம்பு" என்று அழுதாள். அப்பா கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, நடந்ததை எல்லாம் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சுழற்கோப்பை என்றால் என்ன என்று இரண்டு தடவை கேட்டார். சங்கத்துக்கு அதை எப்போது திருப்பித்தர வேண்டும் என்று கேட்டார். இந்த மாதக் கடைசி என்றேன். "சரி. கப்பு இங்க இருக்க வேண்டாம். அந்தத் தோப்பும்படிப் பிள்ள வீட்டுல வையி. நாளைக்கு நானும் வாரேன்" என்றார்.

பிரின்சிபாலின் அறையில் மூன்று நாற்காலி காலியாக இருந்தது. அப்பாவை உட்காரச் சொல்லவில்லை. அப்பா உட்கார எதிர்பார்க்கவும் இல்லை. கையைக் கட்டாமல் நேராக நின்றார். அது எனக்குப் புதிதாக இருந்தது.

"கப்பு எங்கே?" என்றார் பிரின்சிபால்.

"பத்திரமா இருக்கு, சாரே. ஒரு காரியம் மட்டும் எனக்குச் சொல்லித் தாங்க. எம் மக களிச்சது களியில்லன்னா, அதுக்குக் கப்பும் கிடையாது. அப்ப நீங்க சங்கத்துக்கு என்னத்தைத் திருப்பிக் குடுப்பீங்க? களிதான்னா, களிச்சுதுன்னு எழுதி ஒப்பிட்டுத் தாங்க. இப்பவே கப்பைக் கொண்டுவாரேன்."

"போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுங்க சாரே. அவங்களும் இதத்தான கேப்பாங்க."

பிரின்சிபாலின் மேசையில் சங்கத்தின் கடிதம் கிடந்தது. கோப்பையைச் சீக்கிரம் அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். அவர் அதை எடுத்துப் பார்த்தார், கதவருகே நின்ற கேம்ஸ் சாரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். கடைசியில் டைப்பிஸ்டைக் கூப்பிட்டார். பதினொரு பேரும் கல்லூரிக்காகப் போட்டியில் கலந்துகொண்டு வென்றார்கள் என்று ஆறு வரி. அப்பாவால் அதைப் படிக்க முடியாது. என்னைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். 'வென்றார்கள்' என்ற இடத்தில் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகுதான் கோப்பை வந்தது. மீன் வாடையோடு வந்தது. விங்கர் அதை வலைக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பேன். அந்தக் கடிதத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினோம். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்த வருஷத்துக்கான பட்டியல் வாங்கும் கடைசி நாள் கடந்துவிட்டதாம். கல்லூரி அனுப்பாமல் விட்டதற்குப் பழி, நாங்கள் பிந்திவிட்டோம் என்று எங்கள்மேல் விழுந்தது. செப்டம்பரில் ஆங்கிலத் தாளை மறுபடி எழுதினேன். பகலில் அம்மாவோடு இறால் கம்பெனி; பனிக்கட்டித் தண்ணீரில் கைவிரல் வெளுத்து மரத்துப்போகும். சாயங்காலம் அந்த விரலால் பேனா பிடித்துப் படித்தேன். தேறினேன். யாரும் எனக்கு எந்த மார்க்கும் கூட்டித்தரவில்லை.

விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப்போட்டேன். பெண்கள் கால்பந்து அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுகளில் இல்லை என்று திரும்பி வந்தது. ரிசர்வ் கோல்கீப்பருக்கு அதே ஒதுக்கீட்டில் ஒரு வங்கியில் வேலை கிடைத்தது. நாங்கள் விடாமல் இன்னும் இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஆடினோம். ஒவ்வொருத்தியாகக் கல்யாணமாகிப் போனார்கள். விங்கர் கணவனோடு வளைகுடாவுக்குப் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர்தான் வந்தோம். பந்தை வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனோம். அதுதான் கடைசி. எண்பதுகளின் தொடக்கத்தில், ஒதுக்கீடு ஒன்றும் இல்லாமல் பொதுத் தேர்வு எழுதி, திருப்பூணித்துறையில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க் ஆனேன். உத்தரவு வந்த அன்றைக்கு அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். ஓவர்சியரிடம் காட்டிவிட்டு வந்ததாக அம்மா சொன்னாள்.

எண்பத்தைந்து வாக்கில் கல்லூரியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. விழா மலர் போடுகிறார்களாம். பெண்கள் விளையாட்டில் முன்னோடியாக இருந்த கல்லூரி என்று ஒரு பக்கம் வருகிறதாம். என் படம் ஒன்று வேண்டுமாம். பிரின்சிபால் மாறியிருந்தார். கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. மூன்று நாள் அதை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். பிறகு பதில் எழுதினேன்: படம் தருகிறேன், முதலில் அந்த ஐந்து வருஷத்துப் பட்டியல்களில் எங்கள் பெயர்களைச் சேர்த்து, தவறு கல்லூரியுடையது என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். பதில் வரவில்லை.

மலர் வெளிவந்தபோது ரிசர்வ் கோல்கீப்பர் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தான். கால்பந்துக்கு இரண்டு பக்கம். இரண்டிலும் ஆண்கள் டீம். பெண்கள் பக்கத்தில் வேறு யாரோ கோலம் போடுகிற படம். கேண்டீனில் இரண்டு சாயா வாங்கினேன்.

"விட்டுடு. பழைய காரியமல்லே" என்றான்.

"நீ உன் ஏழு மார்க்கை விட்டுடுவியா?"

அவன் சாயாவைக் குடித்து முடித்தான். "இல்லா" என்றான். பிறகு தன் மகளுக்கு எந்தப் பள்ளியில் சீட் கிடைக்கும் என்று விசாரித்தான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மலரைக் கேண்டீன் மேசைமேலேயே விட்டுவிட்டுப் போனான். மாலையில் பியூன் அதை எடுத்துவந்து இது யாருடையது என்று கேட்டார். என்னுடையது இல்லை என்றேன்.